எதிர் நாற்காலி

நாடகக்காரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அன்று கல்லூரி முதல்வர் அறையில் அது தணிந்துகொண்டே போய், கடைசியில் அவர் காதில் விழாத அளவுக்கு வந்துவிட்டது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஆண்டு விழாவுக்காக அவளுடைய மாணவிகள் தயார் செய்திருந்த நாடகத்தை முதல்வர் வாங்கிப் படித்துவிட்டார். எதையும் முழுதாகப் படிக்கிற பழக்கமில்லாத மனிதர், இதை மட்டும் வரி விடாமல் படித்திருந்தார். அதில் அவர் இருந்தாரே! தினமும் தாமதமாக வருகிற ஒரு மாணவியைக் காலைக் கூட்டத்தில் மேடைக்கு அழைத்து, ஏன் தாமதம் என்று மைக்கில் சொல்லச் சொல்கிறார் ஒரு முதல்வர். அவள் விடியற்காலையில் பேக்கரியில் வேலை பார்த்துவிட்டு வருகிறவள். பேச வாய் வராமல் நிற்கிறாள். கீழே கூட்டம் சிரிக்கிறது. அதன் பிறகு அவள் கல்லூரிப் பக்கமே வருவதில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி. சிரித்தவர்களில் பாதிப் பேர் விழாவுக்கும் வந்து உட்காரப் போகிறவர்கள்.

முடிவை மாற்றிவிடுங்கள் என்றார் முதல்வர். அந்தப் பெண் திரும்பி வந்து தன் தவறை உணர்ந்து மன்னிப்புக் கேட்கட்டும், இல்லாவிட்டால் நாடகமே வேண்டாம். பிள்ளைகளுக்கு நாலு நல்லது சொல்லிக்கொடுக்கத்தானே உங்களை வைத்திருக்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டார். நாடகக்காரி எழுந்து வந்து கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். ஆனால் படி இறங்கும்போது, பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

மாற்றுவதாம்! இந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? அவள் வகுப்பில் ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி பேனாவால் தொட முடியாது. வசனம் சரியில்லை என்று பட்டால் எழுந்து நின்று பேசிப் பார்க்க வேண்டும். வாயில் நிற்காத வசனம் தானாக உதிர்ந்துவிடும். இன்னொரு வழக்கமும் உண்டு. யார் மேல் கோபப்பட்டு எழுதுகிறாயோ, அந்த ஆளாக நீயே உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கென்றே ஒரு கை உடைந்த நாற்காலி வகுப்பின் நடுவில் கிடந்தது. எதிர் நாற்காலி என்று அதற்குப் பெயர். அப்பாவைத் தாளித்து எழுதியவள் அதில் அப்பாவாக உட்காருவாள். கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பது அவள் வாயாலேயே வந்து விழும். அந்த நியாயத்தைக் கேட்ட பிறகும் கோபம் மிச்சமிருந்தால் அது நாடகம், இல்லையென்றால் வெறும் மொட்டைக் கடுதாசி என்பாள் நாடகக்காரி.

இந்த நாடகத்தை எழுதியவளுக்கு வகுப்பு வைத்த பெயர் சுண்டெலி. ஆள் பொடிசு, குரல் அதைவிடப் பொடிசு. பேக்கரியில் வேலை பார்க்கிற அந்தப் பெண்ணுக்கு நெட்டை என்று பெயர், அவள் சுண்டெலியின் உயிர்த்தோழி. இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சுண்டெலி முதல்வராக வாரக்கணக்கில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மனிதருக்கு ஒரு தூக்கமின்மையையும் பதவி பயத்தையும்கூடக் கண்டுபிடித்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அவர் பாவம் என்று தோன்றும். ஆனாலும் மன்னிக்க மனசு வராது. அப்படி ஒரு நாடகத்தை நாடகக்காரியே இத்தனை வயசில் எழுதியதில்லை. அதைப் போய் மாற்றச் சொல்கிறார்.

வீட்டில் அவள் கணவர் சாப்பாட்டு மேசையில் மேடை விளக்குகளைப் பரப்பி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நாடகங்களுக்கு விளக்கு போடுவது அவர் தொழில். அவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு அவள் எழுத உட்கார்ந்தாள். நாடகத்தில் அந்தப் பெண் வாயடைத்து நிற்கிற இடத்தில் இனி அவள் பேசப் போகிறாள். முதல்வரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப் போகிறாள். பேனா அது பாட்டுக்கு ஓடியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, கணவர்தான் ஓடிப் போய் அணைத்தார். வந்து எட்டிப் பார்த்தவர், “இவ்வளவையும் அந்தப் பொண்ணு ஒரே மூச்சுல பேசணுமா? ஆம்புலன்ஸ் சொல்லி வைக்கவா?” என்றார். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் மறுபடியும் விளக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் ஒத்திகையில் அந்தப் பேச்சை அவளே நின்று பேசிக் காட்டினாள். வகுப்பு கைதட்டித் தீர்த்தது. சுண்டெலி மட்டும் தட்டவில்லை. தாளை வாங்கிப் பார்த்தாள், மடித்தாள், திரும்பப் பிரித்தாள்.

“மேடம், இதை எழுதும்போது உங்களுக்கு யார் மேல கோபம்?”

“இது ஒரு கேள்வியா? உங்க முதல்வர் மேலதான்.”

“அப்ப நீங்க உக்காருங்க.”

மறுக்க வழியில்லை. அவளே போட்ட சட்டம். நாடகக்காரி போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தொண்டையைச் செருமி, கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுண்டெலி, நெட்டையாக நடித்து, எதிரில் நின்றாள். சிரிக்கவில்லை.

“என்னை ஏன் சார் மேடை மேல ஏத்தினீங்க?”

“உன்னை அவமானப்படுத்தணும்னு எனக்கென்னம்மா ஆசை? நாலு பேர் பாத்து யோசிக்கட்டும்னுதான்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?”

“இதுல உன்னைக் கேக்க என்ன இருக்கு? நல்ல காரியத்துக்குத்தானே.”

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது. வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கிறது. விளம்பரத் தட்டிகூட எழுதியாகிவிட்டது. நெட்டையிடம் போய், உன் கதையைப் போடலாமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யாராவது அதைச் சுட்டிக்காட்டியிருந்தால், இதே பதிலை இதே தோரணையில்தான் அவளும் சொல்லியிருப்பாள். முதல்வர் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. சட்டம் பேசத் தெரிகிறது, புத்திகெட்டவளே, இது தெரியவில்லையா என்று தன்னையே அறையத் தோன்றியது. எதிரில் சுண்டெலியின் கண் நிறைந்திருந்தது.

“நானும் கேக்கல மேடம்,” என்றாள்.

அன்று மாலையே இருவரும் பேக்கரியின் பின்வாசலுக்குப் போனார்கள். இப்போது முழுநாளும் அங்கேயே வேலை பார்க்கிற நெட்டை, தலையில் வலைத்தொப்பியோடு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுண்டெலி முழுங்கி முழுங்கி விஷயத்தைச் சொன்னாள். நெட்டை கையை நிறுத்தாமல் கேட்டாள். நீ நன்றாகத்தான் எழுதியிருப்பாய், எனக்குத் தெரியாதா என்றாள். அது நீ இல்லை, உன்னை மாதிரி ஒருத்திதான் என்று சுண்டெலி சொல்லிப் பார்த்தாள். பார்க்கிற எல்லோருக்கும் அது யாரென்று தெரியும் என்றாள் நெட்டை. பிறகு நாடகக்காரியைப் பார்த்துத் திரும்பினாள்.

“அன்னைக்கு, மேல வர மாட்டேன்னு சொல்லியிருக்கணும் மேடம். வாய் வரல. இப்ப சொல்றேன். என்னை மறுபடி அங்க நிக்க வைக்காதீங்க.”

அதோடு நாடகம் நின்றது. சுண்டெலி வழியெல்லாம் அழுதாள். நாடகக்காரி அவளைத் தேற்றவில்லை.

நாடகம் இல்லை என்று சொல்லப் போனபோது முதல்வர் முகத்தில் தெரிந்த மலர்ச்சிதான் அவளைக் கொன்றது. உங்களுக்குப் பயந்து நிறுத்தவில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், வேறு யாருக்காக என்று கேட்பார். நெட்டையின் பெயர் மறுபடியும் அந்த அறையில், அந்த வாயில் புரளும். அது கூடாது. அவர் வெற்றி என்று நினைத்துக்கொண்டதை அவரிடமே விட்டுவிட்டு வந்தாள்.

விழாவில் பாட்டு, பரிசு எல்லாம் முடிந்த பிறகு முதல்வர் மைக்கைப் பிடித்தார். கலை என்றால் நல்லதைச் சொல்ல வேண்டும் என்றார். எடுத்துச் சொன்னதும் புரிந்துகொண்டு, பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்த நம் நாடக ஆசிரியையை மேடைக்கு அழைக்கிறேன் என்றார். கையில் பூங்கொத்து தயாராக இருந்தது. அரங்கம் கைதட்டியது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பக்கத்தில் இருந்த கணக்கு ஆசிரியர், போங்க போங்க என்று முழங்கையால் இடித்தார். கைதட்டல் கூடிக்கொண்டே போனது. எழுந்து போய்ச் சிரித்து வாங்கிக்கொண்டு இறங்குவதுதான் சுலபம், கால்கூட அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

நாடகக்காரி எழவில்லை. கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே, கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னாள்.

“என்னை யாரும் கேக்கல சார். எனக்கு மேல வர விருப்பமில்ல.”

முதல்வர் சிரித்துச் சமாளித்து இன்னொரு முறை கூப்பிட்டார். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.