சீதனக் காணியில் எழுந்த கல்லூரி

கல்லூரிப் பதிவாளர் ஹாதிக், பேரீச்சம்பழப் பெட்டியும் கையுமாகப் படலையில் நின்றபோதே ஸுஹைறாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து ஒரு ஈ, காக்கை எட்டிப் பார்த்ததில்லை. ஆதாயம் இல்லாமல் ஆற்றைக் கட்டி இறைப்பார்களா?

கல்லூரி தொடங்கிய கதை ஊரறிந்தது. பள்ளிவாசலில் கூட்டம் போட்டுக் காணி கேட்டார்கள். ஸுஹைறாவின் புருஷன் றஸாக் எழுந்து, மூன்று ஏக்கர் வயலைத் தருகிறேன் என்றார். வயல் யாருடையது? ஸுஹைறாவுக்கு அவளுடைய உம்மா கொடுத்த சீதனம். இந்தக் கரையில் வீடும் வயலும் பெண்வழியில்தான் இறங்கும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அவளிடம் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அவளும் சண்டை பிடிக்கவில்லை. மகள் நஸ்லியாவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும், தூரம், தங்க இடமில்லை என்று வாப்பா மறித்த வருடம் அது. பெண்பிள்ளைகளுக்கு முதலில் விடுதி கட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்பினாள். ஓம், ஓம் என்றார்கள்.

கட்டினார்கள், கட்டினார்கள்! நிருவாகக் கட்டடம், மண்டபம், வாகனத் தரிப்பிடம், கொழும்புப் பெரியவர்கள் வந்து தங்க ஏசி போட்ட விருந்தினர் மாளிகை. வாசல் கல்லில் றஸாக்கின் பெயர். தூரத்துப் பொத்துவில் ஊர்ப் பெண்பிள்ளைகளோ இன்றைக்கும் விடியமுன் பஸ் ஏறுகிறார்கள். பலபேர் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிடுகிறார்கள். வெட்கங்கெட்ட வேலை.

ஹாதிக் தொண்டையைச் செருமினார். புதிய மாடிக்கு அமைச்சு அனுமதி தந்துவிட்டதாம். ஆனால் காணி உறுதியைப் பார்த்த சட்டத்தரணி, காணி மாமியின் பெயரில் கிடக்கிறது, மௌத்தாகி மண்ணுக்குள் போன றஸாக்கின் கையெழுத்து செல்லாது என்கிறாராம். ஒரு சின்ன ஒப்பம்தான் என்று பத்திரத்தையும் பேனாவையும் நீட்டினார்.

ஸுஹைறா பத்திரத்தைக் கடைசி வரிவரை வாசித்தாள். புதிய மாடி விரிவுரையாளர்களின் ஓய்வறைக்காம்.

"அப்ப இவ்வளவு காலமும் என்ட காணியிலதான் இருந்திருக்கீங்க."

"ஊருக்காக மாமா தந்த வாக்கு, மாமி."

"நீங்களும் ஒரு வாக்குத் தந்தீங்க, மகன்."

பேனாவை மூடி அவர் கையிலேயே வைத்தாள். விருந்தினர் மாளிகையைத் திறந்து பொத்துவில் பிள்ளைகளைக் குடியேற்றுங்கள், அவர்கள் ஒரு தவணை அதில் படுத்தெழும்பிய பிறகு ஒப்பம் வைக்கிறேன் என்றாள்.

அதற்கெல்லாம் மேலிடத்தில் கேட்க வேண்டுமே என்று ஹாதிக் இழுத்தார்.

"கேளுங்க. காணிக்காரி சொன்னவ எண்டு சொல்லிக் கேளுங்க."