விடுபட்ட இருபத்தெட்டு

1

இந்தக் கதை ஓர் அட்டவணையில் கிடைத்தது, ஒளிப்பானேன். ஜப்பானின் நீகாட்டாவில் ஒரு மருத்துவமனையின் கருவிப் பிரிவில் அறிக்கைகளைத் திருத்துவது என் வேலை. குறைமாதக் குழந்தைகளின் நெஞ்சை நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் தடவை அதிர வைத்து மூச்சுக் கொடுக்கும் வென்டிலேட்டர்கள் இரண்டை, ஒரு ரப்பர் நுரையீரலில் மாட்டி ஒப்பிட்டிருந்தார்கள். அழுத்த வீச்சு 20, 40, 60 என்று வரிசை ஒழுங்காகப் போகிறது. நடுவில் ஒரு 28. பழைய கருவிக்கு நேரே, ஓர் அதிர்வுக்கு உள்ளே போகும் காற்று 2.1 மில்லி. புதியதற்கு நேரே ஒன்றுமில்லை. கேட்டால், "அந்த வரிய எடுத்துடுங்க" என்றார்கள். எடுத்துவிட்டேன், மனசிலிருந்துதான் போகவில்லை. மீதியெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு

(வேண்டாம். இந்த ஊர் என்றாலே எல்லாரும் பனியைக் கொட்டுகிறார்கள்.)

இரண்டாவது: தொமோயோ ஒன்பது வருஷமாகத் தன் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். [அடித்துவிட்டேன். இருக்குமிடம் அவளுக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறை போய்க் கல்லறைக் கல்லைக் கழுவிவிட்டு வருகிறாள்.]

சரி, நேராகவே சொல்கிறேன். தொமோயோ இந்தப் பிரிவின் பொறியாளர். அவளுக்கு இருபத்தைந்தாம் வாரத்திலேயே பிறந்த மகன், இங்கேதான், பழைய கருவியில் நன்றாக அதிர்ந்துகொண்டிருந்தான். ஐந்தாம் நாள் அதைப் பராமரிப்புக்கு எடுத்துக்கொண்டு புதியதை மாட்டினார்கள். திருகில் அதே 28. ஆறாம் நாள் போய்விட்டான். ஏழாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தது. அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும்தான்.

3

அன்று கருவியை மாற்றிய முரோயை வில்லனாக்கத்தான் நினைத்தேன். அவனோ, தொமோயோ நடத்திய இந்த ஒப்பீட்டுக்குச் சோற்றுருண்டையும் கையுமாக வந்து நின்றான். மோவாயில் பருக்கை ஒட்டிய ஆளை என்ன செய்வது?

"நுரையீரல் மேல சிந்தாதீங்க, முரோய்-சான்."

"ரப்பர்தானே. அதுக்கு என்ன தெரியப்போகுது?"

"உங்களவிட நல்லாவே தெரியும்."

20-இல் இரண்டு கருவிகளும் ஒத்துப்போயின. 40-இல் புதியது பாதிதான் கொடுத்தது. இடையில் எந்த எண்ணில் பிரிகின்றன என்று யாருக்கும் தெரியாது. 60 முடிந்ததும் முரோய் குழாயைக் கழற்றப் போனான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இருபத்தெட்டு," என்றாள்.

பழையதில் வைத்தான். 2.1. புதியதன் திருகில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இது... அன்னைக்கு நான் வெச்ச நம்பர்."

"தெரியும்."

"அதுல இருந்ததையே இதுலயும் வெச்சேன். அப்பல்லாம் எல்லாரும் அப்படித்தான் வெப்போம். யாரும் அளந்து பார்த்ததில்ல, தொமோயோ-சான்."

"அதான் இப்ப அளக்கச் சொல்றேன்."

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: புதியதும் 2.1. முரோய்க்கு உயிர் வரும். அவளுக்கோ, எதை மாட்டியிருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்கமாட்டான் என்றாகிவிடும்.

மற்றது: 1.2. பழையதையே விட்டிருந்தால் பிழைத்திருப்பான். இப்போது மூன்றாம் வகுப்புப் பையோடு பள்ளியிலிருந்து வந்து, காலணியை வாசலில் உதறிவிட்டு, அம்மா பசிக்குது என்று

(என்னால் முடியவில்லை.)

5

முரோய் புதியதன் திருகை 28-இல் வைத்தான். ரப்பர் நுரையீரல் அதிரத் தொடங்கியது.

தொமோயோ கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். அந்த ஆறு நாளும் பிள்ளையைத் தூக்க அவளை விடவில்லை. கண்ணாடிப் பெட்டியின் துளை வழியாகக் கையை விட்டு நெஞ்சின் மேல் இப்படி வைத்துக்கொள்ள மட்டும் விட்டார்கள். இதே நடுக்கம்தான். அவளுக்கு அவன் வேண்டும்போல் அவ்வளவு ஏக்கமாக இருந்தது.

"கைய எடுங்க," என்றான் முரோய் மெதுவாக. "கை பட்டா அளவு தப்பா வரும்."

"தெரியும். கொஞ்சம் இருங்க."

அவன் இருந்தான். நானும் இருக்கிறேன். அட்டவணையின் அந்தக் காலிக் கட்டத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன், உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் கையை எடுத்த பிறகு எழுதுங்கள்.

28 — பழையது: 2.1 — புதியது: