இரண்டு மணி வெயில்

எங்கள் ஹாஸ்டல் அறையில் எந்நேரமும் யாராவது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள். ஆறு கட்டில், மூன்று ஷிஃப்ட். வேறு எப்படி இருக்கும்? நான் ஏ ஷிஃப்ட் முடித்துச் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வரும்போது, தங்கமாரி இரவு சி ஷிஃப்ட் பார்த்த தூக்கத்தில் வாயைப் பிளந்து கிடப்பாள். அவள் எழுந்து பல் விளக்கும்போது எனக்குக் கண் சொக்கும். அதனால் எங்களுக்குப் பகல் என்று ஒன்று கிடையாது. ஜன்னலில் கெட்டித் திரை. டியூப் லைட் போடக்கூடாது. போன் திரை மஞ்சளாக இருக்க வேண்டும்.

இந்த மஞ்சளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கண் கூசாமல் இருக்க எல்லாப் போனிலும் ஒரு வசதி உண்டு, போட்டால் திரை மஞ்சளாகிவிடும். அதைக் கடைசிவரை இழுத்து வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் அறைச் சட்டம். வெள்ளை வெளிச்சம் முகத்தில் பட்டால் தூங்குகிறவள் விழிப்பாள்; விழித்தால் அவள் ஊரில் எத்தனை கெட்ட வார்த்தை உண்டோ அத்தனையும் வரும். புதிதாக ஒருத்தி வந்தால் பெட்டியை இறக்கும் முன்பே போனை வாங்கி மஞ்சளாக்கிவிடுவோம். ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அப்புறம் அது மஞ்சள் என்றே தெரியாது. வெளியே போனால் அணைக்கலாம், ஆனால் யாரும் அணைப்பதில்லை.

என் பெயர் ஷெர்லின். உடன்குடிக்காரி. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் திருகு முடுக்குகிறேன். என் பக்கத்துக் கட்டில் சுகப்பிரியா, சங்கரன்கோவில் பக்கம். அதே லைனில் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தும் அவளுக்குப் பார்த்துத் தீராது.

கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் நாங்கள் எல்லோரும் தூங்கிவிடுவோம். தலை முன் சீட்டுக் கம்பியில் இடிக்கும், அதுவும் பழகிவிட்டது. சுகப்பிரியா மட்டும் ஜன்னலோரம் விழித்திருப்பாள். வழியில் ஒரு ஏரி. ஏரிக்குள் கரண்டு டவர் ஒன்று காலை நனைத்துக்கொண்டு நிற்கும். அதற்கப்பால் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு நீளக் காம்பவுண்டுச் சுவர், சுவர் முடிகிற இடத்தில் கண்டெய்னர் அடுக்கு, நடுவில் கருவேலம். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவள் அதைத்தான் வரைந்தாள், போனில்.

"போட்டோ புடிச்சு வச்சுக்கிட்டு வரையலாம்லட்டி" என்று ஒருமுறை சொன்னேன். தன் போனைத் திருப்பிக் காட்டினாள். கேமரா மேல் ஸ்டிக்கர். கேட்டில் செக்யூரிட்டி ஒட்டுவது. வெளியே வந்து உரித்துக்கொள்ளலாம்தான். மறுநாள் திரும்பவும் ஒட்டத்தானே போகிறார்கள் என்று நாங்கள் யாரும் உரிப்பதில்லை. ஆக, அவளுக்குக் கண்தான் கேமரா.

முதலில் விரலால் வரைந்தாள். பிறகு ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு பேனா வாங்கினாள், திரையில் எழுதுகிறது. கட்டிலில் சாய்ந்து, முழங்காலில் போனை நிறுத்தி, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு வேலை நடக்கும். டவரில் ஆரம்பிப்பாள் என்று நான் நினைத்தேன். இல்லை. முதலில் திரை முழுக்க வெறும் வெளிச்சத்தைப் பூசுவாள். நாள் கணக்கில் அதையே பூசுவாள், வழிப்பாள், திரும்பப் பூசுவாள்.

"மொதல்ல சூட்டப் போடணும்ட்டி. சாமானெல்லாம் பொறவு" என்பாள்.

"சூட்ட எப்படிட்டி வரைவ?"

"அதத்தான் பாக்கேன்."

வானம்தான் அவளைப் படுத்தியது. எவ்வளவு நீலம் வைத்தாலும் எடுபடவில்லை என்று அள்ளி அள்ளிப் போடுவாள். ஏரித் தண்ணீருக்கும் அப்படியே. கடைசியில் ஒருநாள் போர்வைக்குள் என்னை இழுத்துக் காட்டுவாள். சத்தியமாகச் சொல்கிறேன், கண் கூசும். ஏ ஷிஃப்ட் விட்டு வருகிற அந்த இரண்டு மணி வெயில், ஒளிய இடமில்லாமல் ஏரி மேல் நிற்கும். எனக்குக் கலை கிலை தெரியாது. ஆனால் அதைப் பார்த்தால் தண்ணீர் குடிக்கத் தோன்றும்.

"என்னையும் ஒரு ஓரமாப் போடேன்" என்று கேட்டேன்.

"ஆளப் போட்டா எல்லாரும் ஆளத்தாம் பாப்பாவ. வெயில ஒருத்தரும் பாக்க மாட்டாவ." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டுவந்தாள். கூட்டம் சேர்ந்தது. ஆனால் அவர்கள் எழுதுவது எங்களுக்குப் புரிந்ததே இல்லை. ஒருத்தர் 'மார்கழி விடியல்' என்பார். இன்னொருத்தர் 'பார்த்ததும் உடம்பு சில்லிட்டது' என்பார்.

"வெயிலப் போட்டா மார்கழிங்கானுவ. கிறுக்கனுவளாட்டி?"

"ஏசி ரூம்ல இருந்து பாப்பானுவ. அவனுவளுக்கு எல்லாமே மார்கழிதான்" என்றேன். அப்போது அது புத்திசாலித்தனமான பதிலாகத்தான் தோன்றியது.

இதற்கிடையில் அவள் வேலைக்கு முடிவு வந்துகொண்டிருந்தது. எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்தால் கைகுலுக்கி, ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு அந்த மாதக் கடைசியோடு சரி. ஊரில் மாப்பிள்ளை தயார். கையில் வேலை இருந்தால் தள்ளிப்போடலாம், இல்லையென்றால் தையில் கல்யாணம். "மாப்பிள வீட்ல போனு வச்சுக்கிட்டு உக்காந்தா ஆகாதுன்னு இப்பவே சொல்லிட்டாவ" என்றாள். அவள் அழுகிற ரகம் இல்லை. அன்றைக்கு முழுக்க ஒரு கோடும் போடவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் கிண்டியிலிருந்து அந்தச் செய்தி வந்தது. கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. விளையாட்டில் பின்னால் வருகிற ஊர், வானம், மலை எல்லாம் வரைய ஆள் வேண்டுமாம். 'உங்கள் படங்களின் நிறம்தான் எங்களைக் கூப்பிட வைத்தது. நேரில் வந்து ஒரு படம் வரைந்து காட்ட முடியுமா?' என்று நிலா என்பவர் எழுதியிருந்தார்.

"நெறம்னு சொல்லுதாவட்டி" என்று அந்த ஒரு வார்த்தையையே தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

என் வாராந்திர லீவு நாளில் போனோம். தாம்பரம் வரை பஸ், அப்புறம் ரயில். ஆபீஸில் என் கட்டிலில் பாதி அளவுக்கு ஒரு திரை, அதற்கென்று ஒரு பேனா. சுகப்பிரியா உட்கார்ந்ததும், "வெள்ளை ரொம்ப வெள்ளையா இருக்கே" என்றாள். பெரிய திரை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். நான் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தேன்.

வரைந்தாள். அதே டவர், அதே ஏரி, அதே வெயில். வானம் முதல் தடவையிலேயே பணிந்தது. அவள் அப்படிச் சிரித்துக்கொண்டே வரைந்து நான் பார்த்ததில்லை. முடித்தபோது சுவரெல்லாம் வெளிச்சமாக இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

நிலாவும் சாம்சன் என்கிற ஒருவரும் வந்து நின்று பார்த்தார்கள்.

"நல்லா இருக்கு சுகப்பிரியா. நிஜமாவே நல்லா இருக்கு" என்றார் நிலா. "ஆனா உங்க பேஜ்ல இருக்கிறது இது இல்லையே."

பக்கத்துத் திரையில் அவளுடைய பக்கத்தைத் திறந்தார். டவர் இருந்தது. ஏரி இருந்தது. எல்லாம் நீலம். விடிவதற்கு முன்னால் பனி இறங்கி, தண்ணீர் உறைந்தது மாதிரி ஒரு நீலம். கருவேலம் கூட நடுங்கியது. நானும் அவளும் அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறோம்.

சுகப்பிரியா கிட்டே போய்ப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, அந்தப் பைத்தியக்காரி சொன்னாள்: "இது எம்படம் இல்ல மேடம்."

"அப்ப யாரோடது?" என்றார் சாம்சன்.

அவள் அந்த நீலத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். வேலை போயிற்று. நிலா அவமானப்படுத்தவெல்லாம் இல்லை. லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ரயிலில் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "தவள தன் வாயால கெடுமாம். நீ தவளைக்கே பாடம் எடுப்பட்டி. ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா நாக்கு அழுகிப்போயிருமா?"

"நா நீலமா வரையல" என்றாள். போனைத் திறந்து காட்டினாள். அதே படம், அதே பக்கம். பழைய வெயில் அப்படியே இருந்தது. என் போனிலும் பார்த்தோம். வெயில்தான். அவர்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, தாம்பரம் வரும்வரை அவர்களைத் திட்டினோம்.

ஹாஸ்டல் வாசலில் வார்டன் கிளியம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கிகினு வர்றீங்கோ?" என்றார்.

நான் சொன்னேன். அவர் பூண்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தார். "அந்தப் பனிப் படமா? நானு டெய்லி பாக்குறனே. ஒண்ணு வுடாம லைக் போட்டுகினு கீறேன். அத்தப் பாத்தா நம்ம ஏரின்னே சொல்ல முடியாது, ஊட்டி மாரி கீது."

அவர் போனிலும் நீலம்!

சுகப்பிரியா தன் போனை அதன் பக்கத்தில் வைத்தாள். இங்கே மே மாதம், அங்கே மார்கழி. அப்போதுதான் எனக்கு அறைச் சட்டம் ஞாபகம் வந்தது. கிளியம்மாள் எங்கள் அறையில் தூங்குகிறவர் இல்லை. அவர் போனை யாரும் வாங்கி மஞ்சளாக்கவில்லை. சுகப்பிரியாவின் போனில் அந்த மஞ்சளை அணைத்தேன். வெயில் போய்விட்டது; மஞ்சளில் எடுபடவில்லை என்று அவள் அள்ளி அள்ளிப் போட்ட நீலம் மட்டும் மிஞ்சியது.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அவள் போட்ட சூடு மொத்தமும் ஆறிக் கிடந்தது. "ஒருத்தரும் பாக்கலட்டி" என்றாள். "இத்தன பேர்ல ஒருத்தர் கூட நா வரைஞ்சதப் பாக்கல."

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது; இரண்டு பேரும் உட்கார்ந்து துக்கம் கொண்டாட நேரமில்லை. என் போனின் கேமரா ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அதன் பசை போகப் புடவைத் தலைப்பைக் கொடுத்தார் கிளியம்மாள். சுகப்பிரியாவின் போனில் மறுபடி மஞ்சளைப் போட்டு, அதையும் கிளியம்மாள் போனையும் பூண்டு முறத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன். நடந்ததை நாலு வரியில் எழுதி நிலாவுக்கு அனுப்பப் போனபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம். அந்த நீலம் என்னோடது இல்ல. அத எனக்குப் போடத் தெரியாது."

"சோறு வடிக்கது நீ. கஞ்சித்தண்ணி மட்டும் அடுத்த வீட்டுக்காரியதா?" என்றேன். "வெயிலப் போட்டாத்தானட்டி அந்த நீலம் வருது? வேற எவளாவது போட்டா வருமா?"

அவள் யோசித்தாள். கையை எடுத்தாள். அனுப்பினேன்.

நிலா போனிலேயே சிரித்தார். மறுபடி வரச் சொன்னார். நான் சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கூடப் போனேன்.

இந்த முறை சுகப்பிரியா பேனாவைத் தொடும் முன்பே வேலை வாங்கினாள். திரையைக் கடைசிவரை மஞ்சளாக்கச் சொன்னாள். ஜன்னலை மூடச் சொன்னாள். மேலே விளக்கையும் அணைக்கச் சொன்னாள். ஆபீஸ் எங்கள் அறை மாதிரி ஆகிவிட்டது. பழக்கதோஷத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. அவள் முதலில் சூட்டைப் போட்டாள். அப்புறம் சாமான்கள். வானத்துக்கு நீலத்தை அள்ளி அள்ளிப் போட்டாள்.

முடிந்ததும் சாம்சன் மஞ்சளை அணைத்தார். ஏரி மேல் பனி இறங்கியது. நிலா வாயில் கைவைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வேலை கிடைத்துவிட்டது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகப்பிரியா மட்டும் பார்க்கவில்லை. பேனாவை அதன் இடத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் மறைப்பை ஒரு விரலால் விலக்கி வெளியே ரோட்டைப் பார்த்தாள்.

மாதக் கடைசியில் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிண்டிக்குப் போய்விட்டாள். தைக் கல்யாணம் தள்ளிப்போயிற்று. அங்கே அவள் திரை மட்டும் எப்போதும் மஞ்சள்தானாம். "அவியளுக்குப் பனி, எனக்கு வெயிலு. ரெண்டு பேருக்கும் சண்டையில்ல" என்று போனில் சொன்னாள். குரலில் சந்தோஷமா வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் இப்போது கூட்டம் இன்னும் அதிகம். எல்லோரும் குளிர்கிறது என்றுதான் எழுதுகிறார்கள்.

போன வாரம் அவள் கட்டிலுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். செல்வலட்சுமி, விளாத்திகுளம். பெட்டியை இறக்கும் முன்பே போனை வாங்கி மஞ்சளைக் கடைசிவரை இழுத்தேன். காரணத்தைச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து, கண் பழகியிருக்கும் என்று தெரிந்த பிறகு, சுகப்பிரியாவின் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் பார்த்தாள். தங்கமாரி தூக்கத்தில் புரண்டு படுத்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எக்கா, என்னக்கா இது, இந்த வெயிலு வெயிலடிக்கி!"