ஒரு காய்ப் பிள்ளைகள்

அண்ணன், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ஆர்க்கிட் பண்ணையை அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும்தான் விட்டுப்போனார். முதலாளி நாற்காலி ஒன்றே இருந்ததால் அதில் அண்ணன் உட்கார்ந்துகொண்டார். பரிசு வாங்கிய இரண்டு செடிகளை, பல்குச்சி நுனியில் மகரந்தம் எடுத்துச் சேர்த்து, ஒரு காய் பிடிக்கவைத்தது தங்கை. அந்தக் காயின் தூசி போன்ற விதையைக் கண்ணாடிக் குடுவைகளில் முளைக்கவைத்து, வருஷக்கணக்கில் வளர்த்ததும் அவள்தான். "நான் உண்டாக்கின ரகம்" என்று ஊருக்கெல்லாம் சொன்னது மட்டும் அண்ணன்.

புதிதாக ஹோட்டல் கட்டுகிறவர் ஒருவர், வரவேற்பறைக்கு ஒரே அச்சில் நூறு வெள்ளைப் பூச்செடி கேட்டு வந்தார். அண்ணன் தாய்ச்செடியின் படத்தை நீட்டினார்.

"ஒரே காய் சார். எல்லாம் அச்சு அசல் இப்படித்தான் பூக்கும்."

அவர் போனதும் தங்கை சொன்னாள்: "விதையில வர்ற செடி அப்படி வராதுண்ணே. நீயும் நானும்கூட ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?"

"அதான் பாரு, நான் இப்படி இருக்கேன், நீ அப்படி இருக்கே."

தன் வாயாலேயே பதில் சொல்லிவிட்டது அவர் மண்டையில் ஏறவில்லை. ஏற அங்கே வழியும் இல்லை.

செடிகள் பூத்தன. ஒன்று வெள்ளை, ஒன்று சாயம்போன சட்டை நிறம், ஒன்றுக்கு முகமெல்லாம் புள்ளி, ஒன்று திட்டு வாங்கியது போலத் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. அண்ணன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். படத்தோடு ஒத்துப்போகாததெல்லாம் குப்பைக்குழிக்குப் போனது. அவற்றில் ஒன்று பச்சை கலந்த மஞ்சள், நடு இதழ் மட்டும் அடர்சிவப்பு. பூ கொஞ்சம் கோணல்.

"முதல் பூவை வெச்சு முடிவு பண்ணாதண்ணே. இன்னொரு தண்டு விடட்டும்."

"கோணல் கோணல்தான்" என்று அதையும் வீசினார்.

தங்கை குழியில் இறங்கினாள். பாதி வேர் முறிந்திருந்தது. புதுத்தொட்டியில் மரப்பட்டைத் துண்டு போட்டு நட்டு, சாமான் கட்டும் அறையின் ஜன்னலில் வைத்தாள். இது செத்தால் அண்ணனோடு இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முடிவுசெய்தாள். அவ்வளவு கோபம்.

ஹோட்டல் கட்டி முடிக்கத் தாமதமானது. அதற்குள் அந்தச் செடி மறுதண்டு விட்டு, கோணல் நீங்கிப் பூத்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணன் அந்த அறைப்பக்கம் எட்டிப்பார்க்கிறவர் இல்லை.

ஹோட்டல்காரர் வந்து வெள்ளை வரிசையைப் பார்த்தார். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, சிலது லேசாக ரோஸ்.

"இதுதான் ஒரே மாதிரியா?"

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க சார்."

அவர் வாசல் வரைக்கும் தள்ளிப் போனார். அங்கேயே நின்றுவிட்டார். "ஜன்னல்ல இருக்கே, அது என்ன?"

அண்ணனும் பார்த்தார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. "அதுவும் நம்ம காய்தான் சார்! அச்சு அசல் அதே மாதிரி நூறு தர்றேன்."

தங்கை தொட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது ஒண்ணுதான் சார் இருக்கு. குப்பையில கிடந்து பொழைச்சது. இதே மாதிரி நூறு வேணும்னா, இதோட தண்டுலேர்ந்துதான் வளர்த்தெடுக்கணும். வருஷமாகும். காத்திருக்கிறதா இருந்தா என்கிட்ட வாங்க. காய்ல நூறு வேணும்னா அண்ணன்கிட்ட போங்க."

ஹோட்டல்காரர் அண்ணனைப் பார்க்கவே இல்லை. "உங்க போன் நம்பர் குடுங்கம்மா" என்றார்.