மூன்று விளக்குகளும் ஒரு கண் பரிசோதனையும்

ரோந்து விமானத்தில் வழி சொல்லும் நேவிகேட்டருக்குப் படைத்தளத்தில் 'ஆந்தை' என்று பட்டப்பெயர். கும்மிருட்டில் கடல்மேல் போகும் சின்னப் படகைக்கூட ரேடாருக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவான் என்பதால் வந்த பெயர். அன்றிரவு அவன் பார்த்தது படகு இல்லை. இடப்பக்க இறக்கைக்கு அப்பால் மூன்று விளக்குகள், விமானத்தோடு கூடவே வந்தன. விமானம் திரும்பினால் அவையும் திரும்பின. ரேடார் திரை மட்டும் எனக்கென்ன என்று காலியாகக் கிடந்தது.

"சார், இடது பக்கம் பாருங்க."

விமானி பார்த்தார். வாய்பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தார். விளக்குகள் சரேலென்று மேலேறி மறைந்தன.

"நான் ஒண்ணும் பார்க்கல," என்றார் விமானி. "நீயும் பார்க்கலப்பா. போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் வாயைத் திறந்தான். இப்ப கிடங்குல போர்வை அடுக்கிட்டிருக்கான்."

ஆந்தைக்குப் பொய் சொல்ல வராது. தரையிறங்கியதும், "வேற ஏதாவது விசேஷமா?" என்று கமாண்டர் வழக்கம்போல் கேட்டதுதான் தாமதம், அத்தனையையும் கொட்டிவிட்டான். விமானி ஷூ லேசைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

கமாண்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கண் டாக்டர்கிட்ட போ. கண் சரியா இருந்தா மனநல டாக்டர்கிட்ட போ. அதுவும் சரியா இருந்தா என்கிட்ட வா."

வீட்டில் மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள். "ஃபிரிட்ஜுல மூக்குக்கு நேரா இருக்கற வெண்ணெய் டப்பா உங்களுக்குத் தெரியாது. வானத்துல இருக்கறது மட்டும் எப்படிங்க தெரியுது?"

"அசையறதுதான் என் கண்ணுல படும். வெண்ணெய் எங்க அசையுது?"

கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் கண் டாக்டர். கொஞ்சம் பிடிவாதம், மற்றபடி நலம் என்றார் மனநல டாக்டர். வேறு வழியில்லாமல் கமாண்டரே அடுத்த ரோந்துக்குக் கிளம்பினார். துணை விமானியின் இருக்கையில் சாய்ந்துகொண்டு, "எங்கப்பா உன் சொந்தக்காரங்களைக் காணோம்?" என்று வழியெல்லாம் கிண்டல். ஆந்தை பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்திருந்தான்.

வந்தன. கமாண்டரின் பேச்சு பாதியில் நின்றது. மூன்று விளக்குகளும் விமானத்தை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயின.

"நாம என்னய்யா பார்த்தோம்?" என்று இறங்கியதும் கேட்டார் கமாண்டர்.

"நீங்க எதைப் பார்த்தீங்களோ அதையேதான் சார் நானும் பார்த்தேன்," என்றார் விமானி பவ்யமாக.

கமாண்டர் கறாரானவர், ஆனால் நேர்மையானவர். பார்த்ததை அப்படியே மேலிடத்துக்குச் சொன்னார். உடனே கண்ணைக் காட்டும்படி மேலிடம் சொல்லிவிட்டது. கண்ணில் சொட்டுமருந்து விட்டால் வண்டி ஓட்ட முடியாதல்லவா? துணைக்கு ஆந்தையைத்தான் கூப்பிட்டார்.

பரிசோதனை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது, கமாண்டர் குரலைத் தாழ்த்தினார். "நடுவுல இருந்தது பச்சைதானே?"

"ஆரஞ்சு சார்."

"எனக்குப் பச்சையாத்தான் தெரிஞ்சுது."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா சார்?"

"உனக்கென்ன பைத்தியமா?"

அவற்றை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. என்னவென்றும் தெரியவில்லை. ஆந்தையை ஒருவரும் கிடங்குக்கு அனுப்பவில்லை. ஆனால் அவன் ரோந்துக்குக் கிளம்பும்போதெல்லாம் கமாண்டர் ஓடுபாதைவரை கூடவே நடந்து வந்து, "வந்தா நிறத்தை மட்டும் நல்லா கவனிச்சுட்டு வாப்பா," என்பார்.