மச்சான் மடியில் பீர் டப்பா

கோபிநாத் சிங்கப்பூரில் என்ன வேலை பார்க்கிறான் என்று ஊரில் ஒருத்தருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிக்கிறவர்களுக்கு என்றே ஒரு கடை. அவர்கள் பீர் அடைத்து வைக்கிற எவர்சில்வர் டப்பாவுக்கு கெக் என்று பெயர். தலையில் இரண்டு மூக்கு இருக்கும். ஒன்றில் சிலிண்டரிலிருந்து சோடா காஸ் ஏறும், மற்றதில் பீர் இறங்கும். குழாயை மூக்கில் மாட்டுகிற கனெக்டர் இறுகிப்போய்க் கழல மாட்டேன் என்றால் கழற்றிக் கொடுப்பதுதான் இவன் வேலை. இதற்காகவா பிளைட் ஏறிப் போனாய் என்று அக்கா புருஷன் உடையப்பன் ஒருமுறை சிரித்தார். அந்தக் கோபம் இவனுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த முறை லீவில் வந்தவன் ஒரு பழைய கெக்கைக் கார்கோவில் போட்டு அனுப்பியிருந்தான். இனிப் போவதில்லை, இதில் நன்னாரி சோடா போட்டு விசேஷ வீடுகளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்றான். மனைவி திலகவதி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா மகள் ஹரிணியின் காதுகுத்தில் நாலு பேர் குடித்து நல்லாயிருக்கு என்று சொல்லட்டும், அப்புறம் பார்ப்போம் என்றாள். சிங்கப்பூர் ஏஜெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடுவும் அதே நாள் மத்தியானம்தான். போன தடவை ஏர்போர்ட்டில் திலகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதைக் கோபிநாத் இன்னும் மறக்கவில்லை. அவனுக்குப் போக மனசே இல்லை.

பீர் டப்பாவை அய்யனார் கோயிலுக்குக் கொண்டுவருவதா என்று உடையப்பன் குதித்தார். தாய்மாமன் சீரில் வருவதைத் தட்டக் கூடாது என்று அக்கா செங்கமலம் அவர் வாயை அடைத்தாள். கலர் பாட்டிலுக்குச் சொல்ல வேண்டாம், எல்லாருக்கும் என் சோடாதான் என்று கோபிநாத் வேறு வாக்குக் கொடுத்து வைத்திருந்தான்.

சீர்த் தட்டுகள் கிளம்புகிற நேரத்தில் திலகவதி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். சீரில் போகிற சாமான் மொட்டையாகவா போகும்? கெக்குக்கும் வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, மூக்கு இரண்டுக்கும் நல்லா தாராளமா வை என்று சொன்னவன் சாட்சாத் நம்ம கோபிநாத்தேதான்.

வினை அங்கேதான் வந்தது. இரண்டு மூக்கும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். காஸ் மூக்கின் அடியில் மட்டும் சின்னதாக வெட்டு இருக்கும், அதுதான் அடையாளம். அந்த வெட்டைச் சந்தனம் மூடிவிட்டது. கோயிலை ஒட்டிய முந்திரித் தோப்பு நிழலில் கெக்கை இறக்கி, ஐஸும் நன்னாரித் தண்ணீரும் நிரப்பி, காஸ் கனெக்டரை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினான். அது சோடா இறங்குகிற மூக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. காஸ் ஏறியது. கனெக்டரோ கழலவில்லை. இழுத்தால் கெக்கே கூட எழுந்து வந்தது. வருஷக்கணக்கில் இதையே கழற்றிச் சம்பளம் வாங்கிய மனுஷன் செய்கிற காரியமா இது!

பந்தியில் ஆட்கள் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். உடையப்பன் வேனிலிருந்து ஸ்பானரோடு வந்தார். தள்ளு மாப்ளே என்று மூக்கின் அடியில் ஸ்பானரைப் போட்டு முறுக்கப் போனார்.

"மச்சான், கையை எடுங்க" என்றான் கோபிநாத். சத்தம் போடாமல்தான் சொன்னான். "உள்ள காஸ் இருக்கு. இப்பக் கழட்டுனா அது ஒங்க மூஞ்சிக்குத்தான் வரும்."

உடையப்பன் கையை எடுத்துவிட்டார். மச்சினன் இந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை.

கோபிநாத் சிலிண்டரை அடைத்துவிட்டு, கெக்கின் மூடியில் இருந்த வளையத்தை இழுத்தான். புஸ்ஸென்று காஸ் அத்தனையும் போனது. பிறகு வழுக்காமல் இருக்கக் கெக்கில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஸ்பானரால் மூக்கையே கனெக்டரோடு சேர்த்துத் திருகி எடுத்தான். சமையல்காரரிடம் வெந்நீர் வாங்கி அதில் போட்டு ஆட்ட, சந்தனம் கரைந்து இரண்டும் தனித்தனியே வந்தன. கழுவித் துடைத்து, அததை அததன் இடத்தில் மாட்டினான்.

ஆனால் ஏறியிருந்த காஸ் போய்விட்டதே! மறுபடி ஏற்றினாலும் அது தண்ணீரில் கலக்க வேண்டுமானால், கெக்கைப் படுக்கப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஆசாரி கூப்பிட்டார். நல்ல நேரம் போகிறது, தாய்மாமன் வந்து உட்காரட்டும் என்றார். காஸை மறுபடி ஏற்றி முடித்த கோபிநாத் கெக்கைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான்.

"கொண்டாய்யா இங்கிட்டு" என்று உடையப்பன் சம்மணம் போட்டார்.

இந்தப் பக்கம் மாமன் மடியில் ஹரிணி. அந்தப் பக்கம் அப்பன் மடியில் பீர் டப்பா. பட்டு வேட்டி நனைய நனைய உடையப்பன் அதைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டினார். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அழத் தயாராக இருந்த ஹரிணி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஒரு காது குத்தி முடித்ததைக் கவனிக்கவில்லை. அடுத்த காதுக்கு வட்டியும் முதலுமாக அழுதாள்.

சும்மா சொல்லக் கூடாது, சோடா சுருக்கென்று மூக்கில் ஏறியது. கறிச்சோறு தின்றவர்கள் ஏப்பம் விட்டுவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்கள். உடையப்பன் குழாயை வேறு ஒருவரையும் தொடவிடவில்லை. இது எங்க மாப்ளே சரக்கு, பதமாத்தான் திறக்கணும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் வேறு நடத்தினார்.

அந்த இரைச்சலில் கோபிநாத்தின் போன் அடித்தது. ஏஜெண்டுதான். போன் திலகவதியின் கையில் இருந்தது. நீட்டுவாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவள் நீட்டவில்லை.

"அவரு வரலைங்க. இங்கயே வேலை கெடச்சிருச்சு" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அடுத்த பந்தி உக்காந்தாச்சு, டம்ளரைக் கழுவுங்க" என்றாள்.