சமையல்காரம்மா சொன்ன சாட்சி

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. என் அண்ணி சொன்னது. அதுவும் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது. அண்ணி நர்ஸ். சேர்த்து வைத்திருந்த மூன்று மாத விடுப்பை எடுத்துக்கொண்டு, சபையிலிருந்து போன ஊழியக் குழுவோடு வெளிநாட்டுக்குப் போய்வந்தாள். போகும்போது இருந்த கலகலப்பு வரும்போது இல்லை.

"நீ எழுதறவதானே, எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளா காட்டிடாதே" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடல் கடந்து நீண்ட அந்தக் கருணைக் கரங்கள்...’

(அடித்துவிட்டேன். அண்ணி படித்தால் சோறு போடமாட்டாள்.)

2

அங்கே ஐந்தரைக்கு எழ வேண்டும். ஆறு பேருக்கு ஒரே குளியலறை. ஆறரைக்குத் தியானம். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறை மருந்தகமாகிவிடும்: பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, மேசைமேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, கொதிக்கவைத்த இடுக்கி, பஞ்சு, கட்டுத்துணி. வாசலில் வரிசை. அவர்கள் பேசுவதை அண்ணிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு வாத்தியார்.

வரிசையில் தினமும் மூன்றாவதாகப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா நிற்பாள். சர்க்கரை வியாதி; இடது குதிகாலில் புண். அண்ணி தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்துக் கழுவிக் கட்டுவாள்.

"நின்னுக்கிட்டே வேலை செய்யாதீங்கம்மா."

வாத்தியார் பதிலைச் சொல்வார்: "நான் உக்காந்துட்டா இத்தனை பிள்ளைங்களுக்கு யாரு சமைப்பான்னு கேக்கறாங்க."

மூன்றாவது வாரம் புண் சுத்தமாகி, ஓரங்கள் ஒன்றுசேரத் தொடங்கின. முழுதாக ஆற இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்று அண்ணிக்குத் தெரியும்.

3

வெள்ளிக்கிழமை ஊர்ச் சபைக்கு ஜெபக் கடிதம் எழுதும் நாள். குழுத்தலைவர் வந்தார். (முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் தண்ணீர் சுமந்தவர் அவர்தானாம்.)

"சிஸ்டர், இந்த வாரம் ஒரு சாட்சி வேணுமே. அந்தம்மா காலுக்காக அங்க உபவாசம் இருந்து ஜெபிக்கிறாங்க."

அண்ணி எழுதிக் கொடுத்தாள்: ‘சமையல்காரம்மாவின் கால் பூரண குணமாகிவிட்டது.’

சந்தோஷம் தாங்காமல் தலைவர் அந்த ஞாயிறு ஆராதனையில் சமையல்காரம்மாவையே சாட்சி சொல்ல எழுப்பிவிட்டார். கட்டுப் போட்ட காலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். "கர்த்தர் என் காலைக் குணமாக்கினார்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணியும் தட்டினாள்.

திங்கட்கிழமை அவள் வரிசையில் இல்லை. செவ்வாயும் இல்லை. அண்ணி சமையலறைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பெரிய பானைக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே கையசைத்தாள், ஷூ போட்ட சமையல்காரம்மா.

(அப்போதே அண்ணிக்குச் சந்தேகம் தட்டியதாக எழுதிப் பார்த்தேன். "தட்டலை. நிம்மதியாதான் இருந்துச்சு. அதை மாத்தாதே" என்றாள்.)

அந்த ஞாயிற்றிலிருந்து பதினாறாம் நாள் அவள் அடுப்படியில் விழுந்தாள். ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. குதிகால் கறுத்திருந்தது.

"ஏம்மா வரலை?"

அண்ணி இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் வாத்தியார் பதிலைச் சொன்னார்: "எல்லார் முன்னாடியும் குணமாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்களாம். மறுபடி வரிசையில வந்து நின்னா கர்த்தரைப் பொய்யாக்கின மாதிரி ஆயிடாதான்னு கேக்கறாங்க."

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

4

முடிவு ஒன்று: கால் பிழைத்துவிடுகிறது. ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கண் கலங்கும்படிகூட வந்திருந்தது. கிழித்தேன். அண்ணி அந்த வெள்ளிக்கிழமை செய்ததும் இதுதானே?

முடிவு இரண்டு: ஆஸ்பத்திரிக் கட்டிலில் சமையல்காரம்மா அண்ணியின் கையைப் பிடித்து மன்னிக்கிறாள். கையைப் பிடித்தது உண்மை. ஆனால் மன்னிப்புக் கேட்டது சமையல்காரம்மாதான்.

"தனக்கு விசுவாசம் பத்தலையாம். உங்களுக்குக் கெட்ட பேர் வந்திருக்கும், மன்னிச்சிடுங்கன்னு சொல்றாங்க" என்றார் வாத்தியார். அண்ணி சொல்லும் பதிலை மொழிபெயர்க்கக் காத்திருந்தார்.

5

இதை எழுதுவது சனிக்கிழமை மதியம். நாளை ஆராதனையில் அண்ணி சாட்சி சொல்ல வேண்டும். கால் போன செய்தி, போய்வந்தவர்களையும் என்னையும் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி, அடுத்து வந்த கடிதங்களில் அந்தக் கால் பற்றிய பேச்சே இல்லை. "அந்தக் காலுக்காக மூணு வெள்ளி பச்சைத் தண்ணி குடிக்கலை" என்று என் அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமைப்பட்டுக்கொள்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அண்ணி எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

"சொல்லிடுங்களேன், அண்ணி."

"அத்தை முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? அந்தச் சமையல்காரம்மாவை எங்க நிக்க வெச்சேனோ, அங்கதான் இப்ப நான் நிக்கிறேன்."

நாளை அண்ணி...

(இதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நானும் நல்ல முடிவுக்கு ஆசைப்பட்டவள்தான்.)

ஆகவே நாளைக் காலை நீங்கள் வந்து எங்கள் பெஞ்சில், என் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அண்ணி எழுந்து மைக்கிடம் போவாள். முதலில் நம் முகங்களைத்தான் பார்ப்பாள். அவள் எதைச் சொல்லப்போகிறாள் என்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது. அன்றைக்குச் சமையல்காரம்மா எழுந்து நின்றபோது, அத்தனை பேரில் ஒருவர்கூட, "காலைக் கொஞ்சம் காட்டும்மா" என்று கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்களா?